வக்கீல் தேடிய பெண்கள்

போன ஆண்டு ஒரு மத்தியானம் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, முதுகலை படிக்கும் மாணவி ஒருத்தி வராந்தாவில் காத்திருந்தாள். சந்தேகம் கேட்க நிற்கிறாள் என்று நினைத்தேன். "அம்மா, உங்களுக்குத் தெரிஞ்ச வக்கீல் யாராவது இருக்காங்களா?" என்றாள். அவளுடைய தாய் பாக்குமட்டைத் தட்டு செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவர். அழுத்தும் இயந்திரத்துக்குள் கை மாட்டி வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவில் பாதியைக் கொடுத்துவிட்டு, அதோடு முடிந்தது என்று சொல்லிவிட்டார். ஊரில் இரண்டு வக்கீல்கள். ஒருவர் முதலாளியின் நிலப் பத்திரங்களைப் பார்ப்பவர். இன்னொருவர் மாணவியின் அப்பாவிடம், "எதுக்குப்பா வம்பு, நாளைக்கு அந்த ஊர்லதானே இருக்கணும்?" என்று கேட்டிருக்கிறார்.

நான் தமிழ் இலக்கியம் கற்பிப்பவள். எனக்குத் தெரிந்த வக்கீல்கள் கவியரங்குகளில் சந்தித்தவர்கள்தான். இருந்தாலும் அன்று இரவு 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். அதன் முதல் அட்டவணையில் மனித உடம்பு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் இழப்புக்கும் ஒரு சதவீதம் எழுதப்பட்டிருந்தது. கட்டைவிரல் முழுவதும் போனால் 30. ஆள்காட்டி விரலுக்கு 14. நடுவிரலுக்கு 12. பாதாதிகேசம் பாடம் நடத்துகிற எனக்கு அந்தப் பட்டியலை வாசிப்பது வினோதமாக இருந்தது. ஆனால் பட்டியலில் விரல் இருப்பதே ஒரு வாய்ப்பு என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. பட்டியலில் இல்லாத காயத்தோடு வக்கீல் தேடி அலைந்த பெண்களைப் பற்றித்தான் அந்தச் சமயத்தில் நான் படித்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் பூசிய பெண்களின் கதை அது. 'ரேடியம் பெண்கள்' என்ற பெயரில் அவர்களைப் பற்றிப் புத்தகங்களும் நாடகங்களும் திரைப்படமும் வந்திருக்கின்றன. சொல்பவர்கள் எல்லோரும் இருட்டில் ஒளிர்ந்த கூந்தலைச் சொல்கிறார்கள், உதிர்ந்து விழுந்த தாடை எலும்பைச் சொல்கிறார்கள், கடைசியில் நீதிமன்றத்துக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி வரும்: கிரேஸ் பிரையர் இரண்டு ஆண்டுகள் வக்கீல் தேடினார். அந்த வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. தேதிகளையும் சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது.

நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்றொரு ஊர். முதல் உலகப் போரின்போது அங்கே ஒரு ரேடியத் தொழிற்சாலை இயங்கியது. 1921-இலிருந்து அதன் பெயர் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன். பதுங்குகுழியில் இருக்கும் சிப்பாய் இருட்டிலும் மணி பார்க்க வேண்டும். அதற்காக ரேடியத்தையும் துத்தநாக சல்ஃபைடையும் பிசினில் குழைத்து, கடிகார எண்களின் மேல் மெல்லிய தூரிகையால் பூசினார்கள். பூசியவர்கள் எல்லாம் பெண்கள், பெரும்பாலோர் பதின்ம வயதுக்காரர்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. தூரிகையின் முனை பிரிந்துபோனால் கோடு தடிக்கும், முகப்பு வீணாகும். ஆகவே உதட்டில் வைத்து முனையைக் கூராக்கிக்கொள்ளும்படி வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே கற்றுக்கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை தூரிகை உதட்டுக்குப் போனது. அதே கட்டடத்தில் ரேடியத்தைப் பிரித்தெடுத்த வேதியியலாளர்கள் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, இடுக்கி கொண்டு அதைக் கையாண்டார்கள்.

ரேடியம் வேதியியல் குணத்தில் கால்சியத்தைப் போன்றது. உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்புக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். அதன் வீரியம் பாதியாகக் குறைய 1600 ஆண்டுகள் ஆகும். நோய் உடனே தெரியாது. சில ஆண்டுகள் கழித்து ஒரு பல் ஆடும், பிடுங்கினால் புண் ஆறாது, பிறகு தாடை. அதற்குள் அந்தப் பெண் வேலையை விட்டிருப்பாள், கல்யாணமாகியிருக்கும், வேறு ஊருக்குப் போயிருப்பாள்.

முதலில் இறந்தவர்களில் ஒருவர் மோலி மாஜியா. 1922 செப்டம்பரில், 24 வயதில் இறந்தார். இறப்புச் சான்றிதழில் காரணம் சிபிலிஸ் என்று எழுதப்பட்டது. கல்யாணமாகாமல் தனியே அறை எடுத்து வாழ்ந்த பெண்ணுக்கு அந்த நோயை எழுதிவைப்பது யாருக்கும் சிரமமாக இருக்கவில்லை. பின்னாளில் நிறுவனம் அந்தச் சான்றிதழைத் தன் பக்கத்து ஆதாரமாகக் காட்டிக்கொண்டது. மோலியின் தங்கைகளும் அக்காள்களும் அந்தச் சொல்லோடு ஐந்து ஆண்டுகள் ஊருக்குள் நடமாட வேண்டியிருந்தது.

கிரேஸ் பிரையர் 1917-இல், 18 வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். 1920-இல் அதை விட்டுவிட்டு வங்கி வேலைக்குப் போனார். தந்தை தச்சர் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர். ஆகவே சங்கம், உரிமை, வழக்கு என்ற சொற்கள் அந்த வீட்டுக்கு அந்நியமானவை அல்ல. வங்கிக்குப் போன சில ஆண்டுகளில் பற்கள் போயின, தாடையில் சீழ் வைத்தது, முதுகெலும்பு நொறுங்கத் தொடங்கியது. முதுகுக்கு உலோகக் கவசம் அணிந்துகொண்டு வேலைக்குப் போனார். இதெல்லாம் பழைய தொழிற்சாலையால் வந்திருக்கலாம் என்று 1925-இல் ஒரு மருத்துவர் சொன்ன பிறகுதான் வக்கீலைத் தேட ஆரம்பித்தார்.

தேடலில் அவர் மோதிய முதல் சுவர் காலக்கெடு. அன்றைய நியூ ஜெர்சிச் சட்டப்படி காயம் ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் வழியாகக் கேட்பதென்றால் ஐந்து மாதம்தான். இயந்திரத்தில் கை மாட்டிக்கொண்டவருக்கு அந்தக் கணக்கு பொருந்தும், ரத்தம் வந்த நாள் தெரியும். கிரேசுக்குக் காயம் ஏற்பட்ட நாள் எது? தூரிகையை முதன்முதலாக உதட்டில் வைத்த நாளா, பல் விழுந்த நாளா? சட்டத்தின் கண்ணில் 1920-இல் அவர் வேலையை விட்ட நாளிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. தனக்கு நோய் இருப்பது அவருக்குத் தெரியும் முன்பே வழக்குப்போடும் உரிமை காலாவதியாகியிருந்தது. வக்கீல்கள் முதலில் பார்த்தது இதைத்தான். பார்த்ததும் கோப்பை மூடிவிட்டார்கள்.

இரண்டாவது சுவர் பட்டியல். தொழில்வழி நோய்களுக்கு இழப்பீடு தர நியூ ஜெர்சி அப்போதுதான் ஒப்புக்கொண்டிருந்தது. அதற்காக ஒன்பது நோய்களை மட்டும் சட்டத்தில் எழுதிவைத்திருந்தார்கள். ஈயம், பாதரசம், பாஸ்பரஸ், ஆர்சனிக், ஆந்த்ராக்ஸ் என்று போகும் அந்தப் பட்டியலில் ரேடியம் இல்லை. ரேடியத்தால் வரும் எலும்பழுகலை 1926-இல் சேர்த்தார்கள். அதற்காக அலைந்தவர் நியூ ஜெர்சி நுகர்வோர் சங்கத்தின் செயலாளர் கேத்தரின் வைலி. (இந்தக் கதையில் கேத்தரின்கள் அதிகம். அந்தத் தலைமுறையில் தெருவுக்கு மூன்று கேத்தரின்கள் இருந்திருப்பார்கள் போலிருக்கிறது.) ஆனால் பழைய நோயாளிகளுக்கு அந்தத் திருத்தம் உதவவில்லை.

மூன்றாவது, சாட்சி. நோய்க்குக் காரணம் ரேடியம்தான் என்று யார் சொல்வார்? நிறுவனமே 1924-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் செசில் டிரிங்கரை அழைத்து ஆலையை ஆராயச் சொல்லியிருந்தது. அந்தக் குழுவில் அவருடைய மனைவி கேத்தரின் டிரிங்கரும் இருந்தார், அவரும் மருத்துவர். ஆபத்து இருக்கிறது என்று அவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். நிறுவனம் அந்த அறிக்கையைப் பூட்டிவைத்துக்கொண்டு, பெண்கள் எல்லோரும் நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பதாக மாற்றி மாநிலத் தொழிலாளர் துறைக்கு அனுப்பிவைத்தது. இந்தத் திருட்டைக் கண்டுபிடித்தவர்கள் பெண்கள். ஹார்வர்டின் முதல் பெண் பேராசிரியரான ஆலிஸ் ஹாமில்டன் நுகர்வோர் சங்கத்துப் பெண்களோடு தொடர்பில் இருந்தார். தொழிலாளர் துறையில் இருக்கும் அறிக்கை இப்படிச் சொல்கிறதே என்று 1925-இல் அவர் கேத்தரின் டிரிங்கருக்குக் கடிதம் எழுதினார். அதன் பிறகுதான் டிரிங்கர்கள் உண்மையான அறிக்கையை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் எசெக்ஸ் மாவட்டத்தின் மருத்துவ அதிகாரி ஹாரிசன் மார்ட்லண்ட், உயிரோடிருக்கும் பெண்களின் மூச்சிலும் இறந்தவர்களின் எலும்பிலும் கதிர்வீச்சை அளந்து காட்டினார்.

ஆதாரம் இருந்தும் வக்கீல் கிடைக்கவில்லை. நிறுவனத்துக்காக பிரெடரிக் ஃபிளின் என்ற கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரர் கிரேசைப் பரிசோதித்து, தன்னைவிட அவர் ஆரோக்கியமாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மருத்துவரே அல்ல என்பது பிறகுதான் வெளியே வந்தது. இத்தனைக்கும் 1925 பிப்ரவரியிலேயே மார்கரீட் கார்லோ என்ற பெண் வழக்குப் போட்டிருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்துபோனார். 1926-இல் அந்த வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்து முடிக்கப்பட்டது. தீர்ப்பு வராததால் அடுத்தவருக்கு எடுத்துக்காட்ட எதுவும் மிஞ்சவில்லை. அடுத்து வந்த பெண் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இவற்றோடு பணம். சம்பளத்தில் பெரும்பகுதி பல் மருத்துவருக்கும் எலும்பு மருத்துவருக்கும் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், தோற்பது உறுதி என்று வக்கீல்களே சொல்லும் ஒரு வழக்குக்கு முன்பணம் எங்கிருந்து கொண்டுவருவார்? வலியோடு மாடிப்படி ஏறி, கவசத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து, முதலிலிருந்து கதையைச் சொல்லி, முடியாது என்று கேட்டுக்கொண்டு இறங்குவதும் வேலைதான். அதற்கு யாரும் கூலி கணக்கிட்டதில்லை. பெண்களின் உழைப்பு வரலாறு என்று நாம் எழுதும்போது தொழிற்சாலைக்குள் செய்த வேலையை எழுதுகிறோம், வீட்டு வேலையையும் இப்போது சேர்த்துக்கொள்கிறோம். நீதி தேடி அலைந்த நேரத்தை நானும் இதுவரை கணக்கில் எடுத்ததில்லை.

1927-இல் ரேமண்ட் பெர்ரி என்ற இளம் வழக்கறிஞர் வழக்கை எடுத்துக்கொண்டார். அந்த மே மாதம் 18-ஆம் தேதி கிரேசின் பெயரில் மனு தாக்கலானது. எட்னா ஹஸ்மன், கேத்தரின் ஷாப், மோலியின் சகோதரிகளான குவின்டா மெக்டொனால்ட், அல்பினா லாரிஸ் நால்வரும் சேர்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் முட்டிக்கொண்டு திரும்பிய காலக்கெடுவையே பெர்ரி வாதமாக்கினார். காரணம் தெரியவந்த நாளிலிருந்துதான் இரண்டு ஆண்டுக் கணக்கு ஓட வேண்டும் என்றார். காரணத்தை மறைத்தது நிறுவனம், அறிக்கையைத் திரித்தது நிறுவனம். தாமதத்துக்கு அதுவே காரணமாக இருந்துவிட்டு அதே தாமதத்தைச் சொல்லித் தப்பிக்க முடியாது என்றும் வாதிட்டார். அவர் கையிலிருந்த மிகப் பெரிய ஆயுதம் திரிக்கப்பட்ட அந்த அறிக்கை. அது அவர் கைக்கு வந்ததற்குப் பின்னால் வைலியும் ஹாமில்டனும் கேத்தரின் டிரிங்கரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இருந்தன.

1927 அக்டோபரில் மோலியின் உடலைத் தோண்டியெடுத்தார்கள். ஐந்து ஆண்டு மண்ணுக்குள் கிடந்த எலும்புகள் கதிரியக்கம் கொண்டிருந்தன. சிபிலிசுக்கான தடயமே இல்லை. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் முக்கியமான இடம் இது. வழக்குக்காகச் செய்த சோதனைதான், ஆனால் இறந்த பெண்ணின் மேல் எழுதப்பட்ட ஒரு பொய்ச் சொல் அன்று அழிந்தது.

1928 ஜனவரியில் விசாரணை தொடங்கியபோது, சத்தியப்பிரமாணத்துக்குக் கையை உயர்த்தக்கூடச் சிலரால் முடியவில்லை. ஏப்ரலில் வழக்கு செப்டம்பருக்கு ஒத்திவைக்கப்பட்டது. நிறுவனத்தின் சாட்சிகள் கோடை விடுமுறைக்கு ஐரோப்பா போகிறார்களாம். ஓராண்டுகூட உயிரோடிருப்பார்களா என்று மருத்துவர்கள் சந்தேகித்த பெண்களுக்கு ஐந்து மாத வாய்தா. ஆலிஸ் ஹாமில்டன் தனக்குத் தெரிந்த வால்டர் லிப்மன் என்ற பத்திரிகையாசிரியரிடம் சொன்னார். நியூயார்க் வேர்ல்டு இதழில் லிப்மன் கடுமையாக எழுத, ஊர் கொதித்தது. ஜூன் 4-ஆம் தேதி சமரசம் ஏற்பட்டது. ஆளுக்கு 2,50,000 டாலர் கேட்டிருந்தார்கள். கிடைத்தது 10,000 டாலரும், ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 600 டாலரும், மருத்துவச் செலவும். நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடியும் தீர்ப்பு இல்லாமல் போனது. கிரேஸ் 1933 அக்டோபரில், 34 வயதில் இறந்தார். பேட்டிகளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, தனக்காக இல்லை, பின்னால் வரப்போகும் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு இது உதவ வேண்டும் என்பதைத்தான்.

பின்னால் வந்த பெண்களுக்கு என்ன ஆயிற்று? அடுத்த சில ஆண்டுகளில் இன்னொரு பெண்ணின் வழக்கைப் பெர்ரி சமரசமாக முடித்தபோது, நிறுவனம் அவரிடம் ஒரு கையெழுத்தைக் கேட்டது. இனிமேல் இந்த நிறுவனத்துக்கு எதிரான எந்த வழக்கிலும் நேரடியாகவோ மறைமுகமாகவோ சம்பந்தப்பட மாட்டேன் என்ற உறுதிமொழி. அவர் கையெழுத்திட்டார். கட்சிக்காரருக்குப் பணம் கிடைக்க வேண்டுமென்றால் அவருக்கு வேறு வழி இருந்ததா என்று யோசிக்கிறேன். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நிறுவனத்தின் கணக்கு துல்லியமாக இருந்தது. ஒரு பெண்ணுக்குக் கொடுத்த பணத்தில், இந்தச் சட்டத்தை உள்ளும் புறமும் அறிந்த ஒரே வக்கீலை மற்ற எல்லாப் பெண்களிடமிருந்தும் அது வாங்கிக்கொண்டது.

மேற்கே, இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்றொரு சிற்றூர் இருக்கிறது. கனடாவின் தலைநகரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ரேடியம் டயல் என்ற வேறொரு நிறுவனம் 1922-இல் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் அதே வேலையைத் தொடங்கியது. தூரிகையை உதட்டில் வைக்கும் வழக்கமும் அதேதான். 1928-இல் நியூ ஜெர்சிச் செய்தி பரவியதும் ரேடியம் டயல் உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தது: எங்கள் பெண்களைப் பரிசோதித்துவிட்டோம், யாருக்கும் ஒன்றுமில்லை, கிழக்கே நடந்ததற்குக் காரணம் வேறு பொருள், நாங்கள் பயன்படுத்துவது சுத்தமான ரேடியம். பரிசோதனை நடந்தது உண்மை. முடிவை அந்தப் பெண்களுக்குக் காட்டவில்லை.

19 வயதில் அங்கே சேர்ந்த கேத்தரின் டோனஹ்யூ காலை இழுத்து இழுத்து நடக்கத் தொடங்கினார். பார்க்கிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று காரணம் சொல்லி 1931-இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். சார்லட் பர்செலுக்கு ஒரு கையையே எடுக்க வேண்டிவந்தது. ஆனால் ஒட்டாவாவில் ஒரு வக்கீல்கூட இவர்களுடைய வழக்கை எடுக்கவில்லை. மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கத் தயங்கினார்கள். ஊர் பேசாமல் ஒதுங்கியது. பெருமந்தக் காலம். வேலை கொடுக்கும் நிறுவனம் ஒன்று ஊரில் இருக்கிறது, அதை இந்தப் பெண்கள் மூடவைக்கப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு. சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களே முகம் திருப்பிக்கொண்டார்கள்.

உள்ளூர் வக்கீல் என்றால் நமக்குச் சௌகரியமாக இருக்கும் என்றுதான் நினைப்போம். பக்கத்தில் இருப்பார், நம் பாஷை பேசுவார், பஸ் செலவு மிச்சம். ஆனால் ஊர் என்பதில் நிறுவனமும் சேர்த்தி. வக்கீலின் மற்ற கட்சிக்காரர்கள் அந்த ஊரின் கடைக்காரர்கள், நில உரிமையாளர்கள், ஆலை மேலாளர்கள். ஏழைப் பெண்ணின் வழக்கு ஒரு தடவை வந்து போகும், அவர்கள் வருடா வருடம் வருவார்கள். ஒட்டாவாப் பெண்களைக் கைவிட்ட வக்கீல்கள் கொடியவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. என் மாணவியின் அப்பாவிடம் "எதுக்குப்பா வம்பு" என்று கேட்டவரும் அக்கறையோடுதான் கேட்டிருப்பார்.

ஆகவே அவர்கள் சிகாகோவுக்குப் போனார்கள், ஏறக்குறைய 80 மைல். ஜே குக் என்ற வழக்கறிஞர் 1934-இல் வழக்கை எடுத்துக்கொண்டார். முதலில் போனது ஐனெஸ் வல்லட் என்பவரின் வழக்கு. 1935-இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம், தொழில்வழி நோய் பற்றிய மாநிலச் சட்டத்தின் வாசகம் தெளிவில்லாதது என்று கூறி அந்தப் பகுதியையே செல்லாததாக்கிவிட்டது. வேலையால்தான் நோய் வந்ததா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. அடுத்த ஆண்டு ஐனெஸ் இறந்தார். புதிய சட்டம் 1936 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது, குக் விலகியிருந்தார். பணமில்லாத வழக்கை அவரால் தொடர முடியவில்லை. அமெரிக்காவிலேயே பெயர்பெற்ற வழக்கறிஞரான கிளாரன்ஸ் டாரோவிடம் கேட்டுப் பார்த்தார்கள். அவருக்கு வயது 80, உடல்நலமும் இல்லை.

இந்தத் தேடலை உயிரோடு வைத்திருந்தவர்களில் ஒருவர் பேர்ல் பெய்ன். செவிலியர் பயிற்சி பெற்றவர், சில மாதங்களே ரேடியம் டயலில் வேலை பார்த்தவர், அவரும் நோயாளிதான். அவரும் கேத்தரினும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களையும் வழக்குச் செய்தித் துணுக்குகளையும் அவர் சேர்த்துவைத்தார். அவை அந்த மாவட்ட வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச்சேர்ந்தன. இன்று நாம் இந்த வரலாற்றை வாசிக்க முடிகிறது என்றால் ஒரு பெண் காகிதங்களைத் தூக்கிப்போடாமல் இருந்ததும் ஒரு காரணம்.

1937 ஜூலையில் விசாரணை நாள் நெருங்கியும் வக்கீல் இல்லை. சிகாகோ செய்தித்தாள்கள் இந்தப் பெண்களைப் பற்றி எழுதத் தொடங்கின. அப்போது வந்து சேர்ந்தவர் லெனர்ட் கிராஸ்மன், சிகாகோக்காரர். கட்டணம் வாங்காமல் வழக்கை நடத்தினார்.

1938 பிப்ரவரி 10. ஒட்டாவா நீதிமன்றக் கட்டடத்துக்குக் கேத்தரினைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. ஒரு சின்ன நகைப்பெட்டியைத் திறந்து காட்டினார், உள்ளே அவருடைய தாடையிலிருந்து உதிர்ந்த எலும்புத் துண்டுகள் இருந்தன. நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டார்கள். தான் பிழைக்கப்போவதில்லை என்பதை அதுவரை அவரிடம் யாரும் நேரடியாகச் சொல்லியிருக்கவில்லை. மருத்துவர் சொல்லக் கேட்டதும் அலறி மயங்கி விழுந்தார். மறுநாள் விசாரணை அவருடைய வீட்டுக்கு வந்தது. கேத்தரின் சோபாவில் படுத்தபடி, கண்ணைத் திறக்க முடியாமல் சாட்சி சொன்னார். தோழிகள் சுற்றி உட்கார்ந்து, அவர் சொன்னதைத் தங்கள் சாட்சியத்தால் உறுதிப்படுத்தினார்கள். ரேடியம் சட்டப்படி விஷமே அல்ல என்பது நிறுவனத்தின் வாதம்.

ஏப்ரலில் தீர்ப்பு கேத்தரின் பக்கம் வந்தது. சமரசம் அல்ல, தீர்ப்பு. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. ஜூலை 27-ஆம் தேதி கேத்தரின் இறந்தார், வயது 35. வழக்கு அவருக்குப் பிறகும் நடந்தது. கிராஸ்மன் ஒவ்வொரு படியிலும் ஜெயித்தார். 1939 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் முறையீட்டைக் கேட்க மறுத்ததும் எல்லாம் முடிந்தது. அதற்குள் ரேடியம் டயல் கடையைக் கட்டிக்கொண்டு நியூயார்க் போய்விட்டிருந்தது. இழப்பீட்டுக்காக அது மாநில ஆணையத்திடம் கட்டியிருந்த பிணைத்தொகை 10,000 டாலர். எல்லாப் பெண்களுக்குமாகச் சேர்த்து அவ்வளவுதான். கேத்தரினின் கணவர் டாமுக்குச் சுமார் 5,700 டாலர் கிடைத்தது. சிகிச்சைச் செலவுக்காக வீட்டை அடமானம் வைத்திருந்தார் அவர்.

ரேடியம் டயலின் முன்னாள் தலைவர், அதே ஒட்டாவாவில் லூமினஸ் பிராசசஸ் என்ற பெயரில் 1930-களிலேயே வேறொரு தொழிற்சாலையைத் திறந்திருந்தார். அங்கேயும் பெண்கள் ரேடியம் பூசினார்கள். 1978-இல்தான் அது மூடப்பட்டது.

என் மாணவிக்கு நான் கடைசியில் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். அப்போது நடைமுறையில் இருந்த அந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனு போவது தொழிலாளர் துறை அதிகாரியிடம். அங்கே வக்கீல்தான் வர வேண்டும் என்றில்லை, பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியும் தொழிலாளிக்காக வந்து நிற்கலாம். இரண்டு ஆண்டுக் கெடு இங்கேயும் உண்டு, ஆகவே தேதியை விட்டுவிடாதே. ஆஸ்பத்திரிச் சீட்டு, சம்பளம் கொடுத்த கவர், பட்டறையில் கூட வேலை பார்த்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வை. பக்கத்து மாவட்டத்தில் ஒரு சங்க அலுவலகம் வழியாக ஒரு பெண் வழக்கறிஞர் கிடைத்தார். அவரைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும். மாணவியின் அம்மா முதல் தடவை போய்விட்டு வந்து தொலைபேசியில் பேசினார்.

"ரெண்டு மணி நேரம் உக்கார வச்சாங்க, டீச்சரம்மா. ஆனா முழுசாக் கேட்டாங்க."